உப்பெடுக்க நடந்தவர்களும் அவர்களுக்குச் சோறு போட்டவர்களும்: வேதாரண்யம் நினைவு யாத்திரை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ஒரு யாத்திரை வேதாரண்யத்துக்குப் புறப்படுகிறது. கதர்ச் சட்டை, தலையில் குல்லாய், கையில் கொடி. 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்கிறார்கள். 30-ஆம் தேதி காலையில் அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணுக்கு அருகே குனிந்து ஆளுக்கு ஒரு பிடி உப்பை அள்ளுகிறார்கள். 1930-ல் ராஜாஜி தலைமையில் நடந்த உப்புச் சத்தியாகிரகத்தின் தேதிகளும் இவைதான். தொண்ணூறு ஆண்டு கடந்த பிறகும் ஒரு வட்டாரம் ஒரு வருகையைத் தேதி பிசகாமல் திரும்ப நடத்திக் காட்டுகிறது என்றால் அது சாதாரண விஷயமில்லை.

2030-ல் இதற்கு நூறு ஆண்டு நிறைகிறது. பெரிய ஏற்பாடுகள் நடக்கும். நடப்பதற்கு முன்னால், இப்போது இந்த நிகழ்வு எதைச் சரியாகச் செய்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்து வந்தவர்களை நாம் நன்றாகவே நினைவுகூர்கிறோம். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட டெல்டா ஜனங்களை நினைவுகூரவில்லை. 1930-ல் அந்த நடையின் உயிர் அந்த ஜனங்களிடத்தில்தான் இருந்தது.

அந்தப் பதினைந்து நாள்

காந்தி மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து கிளம்பி ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பெடுத்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலை 1919 ஏப்ரல் 13 அன்று நடந்தது. அதை நினைத்து ஏப்ரல் 6 முதல் 13 வரை தேசிய வாரமாகக் காங்கிரஸ் அனுசரித்து வந்தது. அந்த வாரத்தின் முதல் நாள் தண்டிக்கு, கடைசி நாள் நமக்கு. 1930 ஏப்ரல் 13 ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டு. திருச்சி கன்டோன்மென்ட்டில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் வீட்டிலிருந்து ஏறக்குறைய நூறு பேர் விடியற்காலையில் கிளம்பினார்கள். ராஜாஜிக்கு அப்போது 51 வயது. ஆஸ்துமாக்காரர். எதிரே 150 மைல் தூரம்.

ஏன் வேதாரண்யம்? அங்கே அ. வேதரத்தினம் பிள்ளை இருந்தார். உப்பு வியாபாரம் தெரிந்தவர், நிலபுலம் உள்ளவர், ஊரில் சொன்னால் கேட்கக்கூடிய மனிதர், ராஜாஜியின் நண்பர். போய் இறங்க ஓர் இடமும் நம்பி நிற்க ஓர் ஆளும் இல்லாமல் எந்தப் படையும் கிளம்புவதில்லை. இன்னொரு காரணம் மண். வேதாரண்யத்துச் சதுப்பில் கோடை வந்தால் உப்பு தானாகவே பூக்கும். யாரும் பாத்தி கட்ட வேண்டாம், நீர் பாய்ச்ச வேண்டாம். கடல்நீர் ஏறி, வெயிலில் வற்றி, வெள்ளை வெளேரென்று தரையில் படிந்து கிடக்கும். அப்படி இயற்கையாக விளைந்ததைக் கையால் அள்ளினாலும் குற்றம் என்று சொன்னது 1882-ஆம் ஆண்டு உப்புச் சட்டம். சட்டத்தின் அநியாயத்தைக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

காலையில் ஐந்து மைல், மாலையில் ஐந்து மைல் என்று கணக்கு வைத்து நடந்தார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று டெல்டாவின் நடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகும் பாதை அது. வழியெல்லாம் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். மேட்டூர் அணை அப்போது கட்டிக்கொண்டிருந்த நேரம், 1934-ல்தான் முடிந்தது. சித்திரை மாதத்துக் காவிரியில் மணல்தான் இருந்திருக்கும். அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்து, வயல் வெடித்துக் கிடக்கும் மாதம். அந்தப் புழுதியில், அந்த வெயிலில் நூறு பேருக்குத் தண்ணீரும் சோறும் படுக்க இடமும் வேண்டும். கையில் எதையும் கட்டிக்கொண்டு அவர்கள் வரவில்லை. ஊர் போடும் என்று நம்பி வந்தார்கள்.

கலெக்டரின் தண்டோரா

அந்த நம்பிக்கையின் மீதுதான் அரசாங்கம் கை வைத்தது. தஞ்சாவூர் கலெக்டர் ஜே. ஏ. தார்ன். சாமர்த்தியமான ஐ.சி.எஸ். அதிகாரி. நடப்பவர்களைத் தொடக்கத்திலேயே பிடித்து ஜெயிலில் போட்டால் அவர்கள் வீரர்களாகிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். பட்டினி போட்டுவிட்டால் பாதி வழியில் தாமாகவே கலைந்துவிடுவார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் 157-வது பிரிவைத் தேடி எடுத்தார். சட்டவிரோதக் கூட்டத்துக்கென்று திரட்டப்பட்ட ஆட்களுக்குப் புகலிடம் கொடுப்பவர்களுக்கான பிரிவு அது. ஆறு மாதம் வரை சிறை. சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டாலோ திண்ணையில் படுக்க இடம் கொடுத்தாலோ இந்தப் பிரிவு பாயும் என்று தமிழில் நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். பத்திரிகையில் போட்டார்கள். ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள்.

இந்த உத்தரவை இன்றைய கண்ணால் படித்தால் அதன் கனம் தெரியாது. விருந்தினர் வாசலில் நிற்கும்போது சாப்பிட்டீர்களா என்று கேட்பது டெல்டாவில் மூச்சு விடுவது போல. சத்திரம் கட்டி வழிப்போக்கருக்குச் சோறு போடுவதற்கென்றே மராட்டிய ராஜாக்கள் நிலம் எழுதி வைத்த ஜில்லா இது. அந்த ஜில்லாவில் போய், சோறு போட்டால் ஜெயில் என்று சொன்னார் ஒரு கலெக்டர். சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு ஜில்லாவைத் தெரியவில்லை.

ஊர்கள் என்ன செய்தன என்பதுதான் கதை. பொட்டலம் பொட்டலமாகக் கட்டுச்சோற்றைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டினார்கள் என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பார்? ஆற்றங்கரையில் அவர்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய பெரிய பாத்திரங்களில் சோற்றை வைத்து மணலில் புதைத்துவிட்டு, எங்கே என்று ஜாடை காட்டிவிட்டுப் போனார்கள். ஒளிந்து செய்யாதவர்களும் இருந்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தன் வீட்டிலேயே சத்தியாகிரகிகளைத் தங்கவைத்து இரண்டு நாள் சாப்பாடு போட்டார். கைது செய்து ஆறு மாதம் உள்ளே வைத்தார்கள். திருத்துறைப்பூண்டியிலும் சோறு போட்டதற்குக் கைது நடந்தது.

ஒரு வேளைச் சோற்றுக்கு ஆறு மாதம். உப்பு அள்ளியதற்கு ராஜாஜிக்குக் கிடைத்ததும் ஆறு மாதம்தான். தலைவருக்கும் இலை போட்டவருக்கும் அரசாங்கமே ஒரே விலை வைத்தது.

தார்ன் தன் மேலதிகாரிகளுக்கு எழுதிய அறிக்கையில், அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு ஒரு காலத்தில் பக்தி இருந்திருந்தால்கூட அது இப்போது செத்துப்போய்விட்டது என்ற பொருளில் எழுதினார். தோற்றவர் கையாலேயே எழுதப்பட்ட ஒப்புதல் இது. வென்றது நடந்து வந்த நூறு பேர் மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. டெல்டாவுக்கு வீரர்களின் வருகையைக் கொண்டாடுவது புதிதில்லை. ராஜேந்திர சோழனின் ஆடித் திருவாதிரை கங்கைகொண்ட சோழபுரத்தில் இப்போது அரசு விழா. 2025-ல் பிரதமரே வந்து கலந்துகொண்டார். கங்கை வரை படையனுப்பி, அந்த நீரைக் கொண்டுவரச் செய்து, சோழகங்கம் என்ற ஏரியை வெற்றித்தூணாக நிறுவினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. வென்று வந்த அரசனை ஊர் வரவேற்றதில் வியப்பில்லை. வரவேற்காமல் இருந்திருந்தால்தான் ஆபத்து. வேதாரண்யத்துக்கு வந்தவர்கள் அதுவரை எதையும் வெல்லாதவர்கள். அவர்களை வரவேற்றால் ஆபத்து என்று முரசறைந்து சொன்ன பிறகும் ஊர்கள் வரவேற்றன. ஒரு வருகையைத் திரும்ப நடத்திக் காட்டும்போது இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா?

ஏப்ரல் 30

28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி புதன்கிழமை விடியற்காலையில் ராஜாஜி சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு இரண்டு மைல் தள்ளியிருந்த எடந்தேவர் உப்புச் சதுப்புக்குப் போய் உப்பை அள்ளினார். கைது. அன்றைக்கே விசாரணை, ஆறு மாதக் கடுங்காவல், 200 ரூபாய் அபராதம். திருச்சி சிறைக்குக் கொண்டுபோனார்கள். கடைகள் மூடின. அடுத்தடுத்த நாட்களில் தொண்டர்கள் அணி அணியாகப் போய் அள்ளினார்கள். பிடித்த பிடியைத் திறக்காத கைகளின் மேல் தடி விழுந்தது. வேதரத்தினம் பிள்ளையும் சிறை போனார், சொத்து பறிமுதலானது. பிற்பாடு ஜனங்கள் அவரைச் சர்தார் என்றே அழைத்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி இங்கே கைதாகி ஓராண்டு தண்டனை பெற்றார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் அவர். விருதுநகரிலிருந்து வந்து இந்தப் போராட்டத்தில் சேர்ந்த காமராஜர் பெல்லாரிப் பக்கம் அலிப்புரம் சிறைக்குப் போனார். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் ஓரளவு இருப்பவைதான். ஆகவே இங்கே நீட்டவில்லை.

பாடப்புத்தகத்தில் அவ்வளவாக இல்லாதவர் வைரப்பன். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி. தொண்டர்களை அடித்த போலீஸாருக்கு ஊரில் யாரும் ஊழியம் செய்வதில்லை என்று கட்டுப்பாடு. ஒருநாள் ஒருவர் வந்து சவரத்துக்கு உட்கார்ந்தார், சாதாரண உடையில். வைரப்பன் சோப்பு போட்டுக் கத்தியைத் தீட்டி ஒரு கன்னத்தை வழித்து முடித்த நேரத்தில், உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடித்து வைத்தார். மறு கன்னத்தில் நுரை அப்படியே காய்கிறது. மிரட்டினார்கள், மாட்டேன் என்றார். மாஜிஸ்டிரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மீதியைச் சிரைத்து முடி, விட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னதாகவும், பெட்டியை அவர் பக்கமே நகர்த்தி, வேண்டுமானால் ஐயாவே செய்துகொள்ளட்டும் என்று வைரப்பன் சொன்னதாகவும் ஊரில் சொல்வார்கள். ஆறு மாதம் சிறை.

அந்தத் தொழிலுக்கு அந்தக் காலத்தில் ஊர் கொடுத்த மரியாதை என்ன என்பது நமக்குத் தெரியும். கூப்பிட்ட வாசலுக்குப் போயே ஆகவேண்டிய ஒரு மனிதர், சர்க்கார் ஆளின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னார். உப்பு அள்ளியவர்களின் துணிச்சலுக்குத் துளியும் குறைந்ததில்லை இது. வேதாரண்யத்தில் வைரப்பனுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. யாத்திரைக்காரர்கள் மாலையும் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பாதிச் சவரத்தை யாரும் நடித்துக் காட்டுவதில்லை.

இப்போது நடப்பது

குறை சொல்லும் முன் நன்றி சொல்ல வேண்டும். கட்சிக்காரர்களும் தியாகிகளின் வாரிசுகளும் விடாமல் நடந்ததால்தான் இந்தப் பழக்கம் இன்றுவரை அறுபடவில்லை. ஆட்சி மாறினாலும் கூட்டம் குறைந்தாலும் சித்திரை வெயிலில் ஒரு குழு கிளம்பிவிடுகிறது. அந்தப் பிடிவாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன். தேதியைக் காப்பாற்றியிருக்கிறார்கள், பாதையைக் காப்பாற்றியிருக்கிறார்கள், பாட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ‘கத்தியின்றி ரத்தமின்றி யுத்தமொன்று வருகுது’ என்ற பாட்டை நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை இந்த நடைக்கென்றே எழுதினார். இன்றைக்கும் நடந்துகொண்டே பாடத் தோதான பாட்டு அது. அடி எடுத்து வைக்கும் தாளத்திலேயே ஓடும். வேதாரண்யத்தில் அந்தப் பாட்டைப் பிள்ளைகள் பாடிக்கொண்டு வரும்போது சாலையோரம் நிற்பவர்களும் முணுமுணுப்பதைப் பார்க்கலாம். 1946-ல் வேதரத்தினம் பிள்ளை தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இந்த ஊரில் இருப்பது பெரிய பலம். உப்புச் சத்தியாகிரகம் இந்த ஊருக்கு விட்டுச்சென்ற உயிருள்ள சொத்து அதுதான்.

சரி, வழியில் என்ன நடக்கிறது? ஊர் எல்லையில் நான்கைந்து பேர் சால்வையோடு நிற்கிறார்கள். கல்யாண மண்டபத்திலோ பள்ளியிலோ சாப்பாடு, ஓய்வு, சில உரைகள். அப்புறம் அடுத்த ஊர். வரவேற்பு இருக்கிறது, சோறும் இருக்கிறது. இந்தச் சோற்றைப் போடுவதற்கு ஒரு காலத்தில் என்ன விலை என்பது மட்டும் அங்கே யாருக்கும் தெரிவதில்லை. பந்தியில் பரிமாறும் இளைஞரிடம் 157 என்றால் என்ன என்று கேளுங்கள். பஸ் நம்பரா என்பார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? யாரும் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை.

நடப்பவர்களுக்கு வேஷம் இருக்கிறது. ராஜாஜி போல் கண்ணாடி போட்டு ஒருவர் முன்னால் வருவார், காந்தி போல் தடியூன்றி ஒரு சிறுவன் வருவான். பந்துலு ஐயருக்கு யாரும் வேஷம் கட்டுவதில்லை. தண்டோரா போடுபவர் இல்லை, மரத்தில் சோற்றைக் கட்டிவிட்டு ஓடும் பெண் இல்லை, கலெக்டரும் இல்லை. எதிரி இல்லாத யுத்தத்தை நடித்தால் அது ஊர்வலமாகத்தான் முடியும். வேடிக்கை பார்ப்பவருக்கு இதில் செய்ய ஒன்றுமில்லை, கைதட்டுவதைத் தவிர. 1930-ல் வேடிக்கை பார்ப்பவர் என்று ஒருவரும் இருக்க முடியாது. தண்டோரா காதில் விழுந்த கணமே ஒவ்வொரு வீடும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருந்தது. பயந்து கதவைச் சாத்திய வீடுகளும் இருந்திருக்கும். அதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்போதுதான் திறந்த கதவுகளின் மதிப்பு தெரியும்.

உப்பு அள்ளும் இடத்தில்

அகஸ்தியம்பள்ளிக்கு ஏப்ரல் 30 அன்று போய் நின்று பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். வேதாரண்யம் வட்டாரம் தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் இடம். தை, மாசியில் தொடங்கி மழை வரும் வரை உற்பத்தி. சித்திரை மாதம் அதன் உச்சம். யாத்திரை வந்து சேரும் நேரத்தில் பாத்திகளில் வேலை மும்முரமாக இருக்கும். பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கி, கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரமாகக் குவிப்பார்கள். விடியுமுன்பே இறங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்க்கிற வேலை.

ஒருமுறை உப்பு அள்ளும் ஆர்வத்தில் ஒரு கல்லூரி மாணவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் காலை வைக்கப் போனார். பக்கத்தில் பலகையோடு நின்ற அம்மா பதறிப்போய்க் கத்தினார்.

“தம்பி, தம்பி, உள்ள எறங்காதீங்க! சேறு கலங்கிச்சுன்னா உப்பு கருத்துப் போயிரும். அந்தா வரப்போரமா ஒதுக்கி வச்சிருக்கோம் பாருங்க, அதுல எடுத்துக்குங்க.”

“மன்னிச்சுக்குங்கம்மா, தெரியாது.”

“ஒங்களுக்கு எப்புடி தெரியும் சாமி. கையில புண்ணு கிண்ணு இருந்தா தொடாதீங்க, எரியும்.”

அந்த அம்மாவின் குதிகாலைப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் வெடித்து வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் அன்றைக்குச் சொன்ன இரண்டு வாக்கியத்தில் உப்பைப் பற்றி இருந்த ஞானம் மேடைப் பேச்சில் இல்லை.

1930-ல் அள்ளியது சதுப்பில் தானாக விளைந்த உப்பு. யாருடைய உழைப்பும் அதில் இல்லை, அதனால் யாருடைய உரிமையும் அதில் பறிபோகவில்லை. இன்றைக்கு அள்ளுவது உப்பளத் தொழிலாளிகள் வார்த்து ஒதுக்கிய உப்பு. அள்ளக் கூடாது என்று சொல்ல வரவில்லை, சந்தோஷமாகத்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் கையால் வாங்கினால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்கிறேன். உப்பு வரியை 1947-ல் ஒழித்தாயிற்று. அந்த வரி போன பிறகும் உப்பு விளைவிக்கும் குடும்பத்தின் பாடு எப்படி என்று பார்க்க 2018 நவம்பர் 16-க்குப் பிந்தைய மாதங்கள் போதும். கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது கடல் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து உப்பளங்களில் கொட்டிவிட்டுப் போனது. பாத்தி இருந்த இடம் தெரியவில்லை. சேற்றை வழித்து, வரப்பு கட்டி, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தி மறுபடி தொடங்கினார்கள். ஏப்ரல் 30 அன்று இந்த மண்ணில் பேசத்தக்க உப்புக் கதை அதுவும்தான். மேடையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி, ஐந்து நிமிடப் பேச்சு. அதற்கு ஒரு செலவும் இல்லை.

நூறாம் ஆண்டுக்கு

என்ன செய்யலாம் என்பதற்கு என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். பெரிய பணம் தேவைப்படாத காரியங்கள்.

முதலில் தண்டோரா. யாத்திரை ஓர் ஊருக்குள் நுழைவதற்கு ஒரு நாள் முன்னால் அந்த ஊர்க் கடைத்தெருவில் பறையடித்து, தார்ன் போட்ட உத்தரவின் சாரத்தை உரக்கச் சொல்ல வேண்டும். இன்னார் வருகிறார்கள், சோறு போட்டால் ஆறு மாதம், இடம் கொடுத்தால் ஆறு மாதம். அவ்வளவுதான். விளக்கவுரை வேண்டாம். டீக்கடையில் நிற்பவர் என்ன ஏது என்று கேட்பார். கேட்டவருக்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்வார். மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் தாங்களாகவே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து சாலையோர மரங்களில் தொங்கவிடட்டும். புளிச்சோறோ தயிர்ச்சோறோ, அவரவர் வீட்டில் முடிந்தது. காக்கிச் சட்டை போட்ட பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் தேடிக்கொண்டு வரட்டும். நடப்பவர்கள் கிளையிலிருந்து பொட்டலத்தை அவிழ்த்துச் சாப்பிடட்டும். கஜாவில் இந்தப் பக்கத்து மரங்கள் எக்கச்சக்கமாகச் சாய்ந்துவிட்டன. பாதை நெடுக இப்போதே புங்கனும் வேம்பும் நட்டால் 2030-ல் ஒரு பொட்டலம் கட்டும் அளவுக்குக் கிளை விட்டிருக்கும்.

கும்பகோணத்தில் யாத்திரை கட்டாயம் ஒரு வீட்டில் தங்க வேண்டும், மண்டபத்தில் வேண்டாம். இரண்டு நாள் சாப்பாடு, பிறகு வீட்டுக்காரர் கைது. இதை நாடகமாகவே போடலாம். கும்பகோணத்தில் நாடகம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? வேதாரண்யத்தில் வைரப்பன் காட்சியை முடிதிருத்தும் தொழிலாளர்களே விரும்பி முன்வந்தால் அவர்களே நடத்தட்டும். அவர்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும், அவர்கள் சொல்லும் விதத்தில் செய்ய வேண்டும். அந்தக் காட்சியில் சிரிப்பு மூட்டும் இடங்கள் இருக்கின்றன. பாதி முகம் நுரையோடு ஒரு போலீஸ்காரர் எழுந்து நின்றால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? சிரிக்கட்டும். சிரிப்பு போலீஸ்காரரைப் பார்த்து வரவேண்டும், வைரப்பனைப் பார்த்து வரக்கூடாது. நடிப்பவர்கள் அதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

வேதாரண்யத்துக்கு இது தகும் என்பதற்கு ஊரின் பழைய கதையே சாட்சி. வேதாரண்யத்தின் பழைய பெயரான திருமறைக்காட்டில் அப்பர் பாடக் கோயில் கதவு திறந்தது, சம்பந்தர் பாட மூடியது என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆண்டுதோறும் கோயிலில் அந்தக் கதவு திறக்கும் விழாவை ஐதிகமாக நடத்திக் காட்டுகிறார்கள். அந்த விழாவில் பாடிய நாயன்மார்களும் இருக்கிறார்கள், திறந்த கதவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு ஒருவரும் அந்த விழாவை நினைத்துப் பார்க்கமாட்டார்கள். ஒரு வருகையை எப்படி நடத்திக் காட்டுவது என்று இந்த ஊருக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆவணம் பற்றி ஒன்று. ராஜாஜி, ராஜன், வேதரத்தினம் பிள்ளை ஆகியோரைப் பற்றி எழுத்தில் நிறைய இருக்கிறது. மரத்தில் சோறு கட்டியவர்கள் பெயரைப் போலீஸாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கக் கூடாது என்றுதானே அப்படிச் செய்தார்கள். அந்தப் பெயர்கள் இன்றைக்குக் குடும்பங்களின் வாய்ப்பேச்சில் மட்டும்தான் இருக்க முடியும். எங்கள் கொள்ளுப்பாட்டி அந்தக் காலத்தில் நடந்துபோனவர்களுக்குச் சோறு கொடுத்தாராம் என்று சொல்லும் எண்பது வயதுக்காரர்கள் வலங்கைமான் பக்கமோ நீடாமங்கலம் பக்கமோ இருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து கேட்க இன்னும் சில ஆண்டுகள்தான் மிச்சம். பாதையிலுள்ள ஒவ்வொரு ஊர் உயர்நிலைப் பள்ளியும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இந்த வேலைக்கு அனுப்பலாம். ஆளுக்கு ஒரு தாத்தா, ஒரு பாட்டி. போனில் பதிவு செய்தால் போதும்; யார், எந்தத் தெரு, யார் சொல்லிக் கேட்டது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை, பிற்பாடு சலித்துக்கொள்ளலாம். முதலில் சேர்க்க வேண்டும்.

2030 ஏப்ரல் 13 சனிக்கிழமை வருகிறது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள்கூட முதல் இரண்டு நாள் லீவு போடாமல் கூட நடக்கலாம். 30-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர் அகல ரயில் பாதையில் 2023 ஏப்ரலில் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியிருக்கிறது. நடக்க முடியாத பெரியவர்களும் கடைசி நாளுக்கு வந்து சேர முடியும். அவர்களுக்கு அகஸ்தியம்பள்ளியில் நிழலுக்கு ஒரு பந்தல், குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் கழிப்பறை ஆகிய மூன்றையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். உப்பளத்தில் நிழல் தரும் மரம் கிடையாது.